தேங்கிய பில்களும் மீறப்படும் விதிகளும்

பல்கலைக்கழகங்களின் தணிக்கை அறிக்கைகளில் கொள்முதல் பற்றிய பத்திகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. ஒப்பந்தப்புள்ளி கோராமல் வாங்கப்பட்டது. ஒரே தேவை துண்டு துண்டாகப் பிரித்து வாங்கப்பட்டது. மூன்று விலைப்புள்ளிகள் பெறப்படவில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்படவில்லை. அறிக்கை வந்த கையோடு பதிவாளர் அலுவலகத்திலிருந்து துறைகளுக்குச் சுற்றறிக்கை போகும். கொள்முதல் நடைமுறையைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும், தவறினால் ஒழுங்கு நடவடிக்கை. கூடவே ஒரு நாள் பயிற்சி வகுப்பு, கோப்பில் புதிதாக ஒரு கையெழுத்து. அடுத்த அறிக்கையிலும் அதே பத்திகள்.

வாத்தியார்களுக்கு விதி தெரியாது, தெரிந்தவர்களுக்கு அதன்மேல் மதிப்பு கிடையாது, ஆகவே சொல்லிக் கொடு, கண்காணி, தண்டி என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம். நிதி அலுவலர்கள் இதைச் சொல்கிறார்கள். தணிக்கையாளர்கள் சொல்கிறார்கள். மெமோ வாங்கிய பேராசிரியர்களே கூட, நமக்கு இதெல்லாம் எங்கே புரிகிறது என்று ஒப்புக்கொண்டு விடுகிறார்கள். இந்த எண்ணம் அடியோடு தவறு. இதை நம்பிக் கொண்டுவரப்படும் ஒவ்வொரு கெடுபிடியும் மீறலை வளர்க்கிறது என்று இங்கே வாதிடப் போகிறேன்.

நான் பேசுவது விற்பவர் பக்கத்திலிருந்து. சென்னை கல்மண்டபத்தில் லேத் பட்டறைகளுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் பில், கொட்டேஷன், டெண்டர் காகிதம், ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். காசிமேட்டுப் படகுகளுக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் கடையும் அதே பட்டறைகளில்தான் கல்லூரி ஆய்வகங்களுக்கான ஸ்டாண்டும் கிளாம்பும் சோதனைக்கான இரும்புத் துண்டுகளும் செய்யப்படுகின்றன. மண்ணடியின் இரும்புக் கடைகளும், கண்ணாடிச் சாமானும் ரசாயனமும் விற்கும் நைனியப்ப நாயக்கன் தெருவும் கூப்பிடு தூரம்தான். ஒரு பல்கலைக்கழகம் எப்படி வாங்குகிறது என்பது தணிக்கையாளருக்குக் கோப்பில் தெரியும். எப்படிப் பணம் கொடுக்கிறது என்பது இங்கே தெரியும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ல் வந்தது. அதன் விதிகள் 2000-ல். அரசுப் பல்கலைக்கழகங்களும் இதற்குள் அடக்கம். ஒப்பந்தப்புள்ளி வெளியிட்ட பின் விலை கொடுக்க விற்பவருக்குத் தர வேண்டிய குறைந்தபட்ச அவகாசம், இரண்டு கோடி ரூபாய் வரை 15 நாள், அதற்கு மேல் 30 நாள். நியாயமான காலம். எந்த ஆய்வகமும் இதைத் தாங்கும். ஒரு நுண்ணோக்கி வாங்க எட்டு மாதம் ஆகிறது என்றால் அதில் சட்டம் கேட்டது பதினைந்து நாள். மீதி முழுக்க அலுவலகத்துக்குள் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகும் காலம். துறை, பிரிவு உதவியாளர், கண்காணிப்பாளர், நிதிப் பிரிவு, கொள்முதல் குழு, பதிவாளர், துணைவேந்தர், சில சமயம் ஆட்சிக்குழு. ஒரு வினா எழுந்தால் திரும்பத் துறைக்கு. விதியை மீறுகிறார்கள் என்று நாம் திட்டும் பலர் சட்டத்தின் பதினைந்து நாளைக் கண்டு ஓடுகிறவர்கள் அல்லர். இந்த எட்டு மாதத்தைக் கண்டு ஓடுகிறவர்கள்.

ஓர் ஆய்வகத்தில் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியின் கம்ப்ரஸர் வெள்ளிக்கிழமை மாலை நின்று போகிறது. உள்ளே மூன்று மாணவர்களின் முனைவர் பட்ட மாதிரிகள் இருக்கின்றன. நடைமுறைப்படி மூன்று விலைப்புள்ளி வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, நிர்வாக அனுமதி வாங்கி, பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். அந்தப் பேராசிரியை செய்வது என்ன? அன்றே ஆளைக் கூப்பிட்டுச் சரி செய்கிறார். கைப்பணம் கொடுக்கிறார். பிறகு அந்தப் பணத்தைத் திரும்பப் பெற, முன்தேதியிட்ட இரண்டு விலைப்புள்ளிகளுக்கு அலைகிறார். தணிக்கை வரும்போது அவர் பெயரில்தான் தடை எழுகிறது. அவருக்கு விதி நன்றாகவே தெரியும். எந்தப் பயிற்சி வகுப்பும் அவருக்குப் புதிதாக ஒன்றையும் சொல்லித் தராது.

அடுத்தது பணம். இந்த விவாதத்தில் யாரும் பேசாதது, என் கணக்கில் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

எங்கள் தெருப் பட்டறை ஒன்று ஒரு கல்வி நிறுவனத்துக்கு ஆய்வக ஸ்டாண்டுகள் செய்து கொடுத்தது. அழகான வேலை, அடித்தட்டு வார்ப்பிரும்பு, கம்பி கடைந்து மெருகேற்றியது, திருகு ஒவ்வொன்றையும் கையால் சுழற்றிப் பார்த்துத்தான் அனுப்பினார் பட்டறைக்காரர். டெலிவரி சலானில் கையெழுத்து கிடைத்தது. பில் போட்டோம். அந்த மாதத்துக்கான ஜி.எஸ்.டி.யை அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். பணம் வந்ததா என்று வரித் துறை கேட்காது, பில் போட்டாயா என்றுதான் கேட்கும். ஆகவே வராத பணத்துக்கு 18 சதவீத வரியை அவர் கையிலிருந்து கட்டினார். இரும்புக் கடைக்கு முப்பது நாள் கெடு, அதையும் கட்டினார். பில்லைப் பற்றி விசாரிக்கப் போனபோது, ஸ்டாக் என்ட்ரி ஆகவில்லை என்றார்கள். அது ஆனபின், அந்தத் தலைப்பில் நிதி ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது, ஏப்ரல் வரட்டும் என்றார்கள். ஏப்ரலில், போன ஆண்டு பில்லுக்கு மறுபடி ஒப்புதல் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் பட்டறையை மூடிவிட்டுத்தான் அவர் போக வேண்டும். பணம் வந்தது, ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பட்டறை எந்தக் கல்லூரிக்கும் விலைப்புள்ளி கொடுப்பதில்லை. யார் கேட்டாலும், "வேணாம் சார், நமக்கு போட் வேலையே போதும்" என்பதுதான் பதில்.

இப்படி ஒரு நேர்மையான விற்பனையாளர் விலகும்போது என்ன நடக்கிறது? அவர் இடத்தில் நிற்பவர் இரண்டு வகை. ஒருவர் தாமதத்துக்கான வட்டியை முன்கூட்டியே விலையில் ஏற்றிச் சொல்பவர். இன்னொருவர், பில் எந்த மேசையில் இருக்கிறது, யாரைப் பார்த்தால் நகரும் என்று தெரிந்தவர். போட்டி ஒப்பந்தப்புள்ளி என்று நாம் சொல்வது இந்த இரண்டு வகையினருக்குள் நடக்கும் போட்டியாகச் சுருங்கிவிடுகிறது. மூன்று விலைப்புள்ளி கேட்டால் கொடுக்க மூன்று பேர் இல்லை. கேட்டே ஆக வேண்டும் என்று விதி. அப்போது மூன்றையும் ஒருவரே கொடுக்கிறார்.

அப்படி மூன்றை நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மூன்று லெட்டர்ஹெட், மூன்று முகவரி, மூன்று ரப்பர் ஸ்டாம்ப். எழுத்துரு ஒன்றே. வரி இடைவெளி ஒன்றே. 'குவாலிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லில் ஒரே எழுத்து மூன்றிலும் விட்டுப்போயிருந்தது. விலைகள் மட்டும் வேறு. நடுவில் இருந்ததற்கும் மேலே இருந்ததற்கும் வித்தியாசம் சரியாக ஐந்நூறு ரூபாய். அந்தக் கோப்பில் எல்லாம் இருந்தது. தேவைக் குறிப்பு, ஒப்பீட்டுப் பட்டியல், குறைந்த விலைக்காரருக்குப் பரிந்துரை, குழுவின் கையெழுத்துகள். தணிக்கை அதைத் தாண்டிப் போனது. உறைபெட்டியைக் காப்பாற்றிய பேராசிரியைக்குத் தடை. இந்தக் கோப்புக்குத் தடை இல்லை. நடைமுறையைப் பின்பற்றியதற்கான அளவுகோல் காகிதம் என்றால், இதில் தேறுகிறவர் திருடர்தான். கையெழுத்தைக் கூட்டக் கூட்ட, ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) மெமோவைக் காட்டி மிரட்ட மிரட்ட, இந்தத் திறமை உள்ளவருக்கே வேலை கூடுகிறது. மிரண்டுபோன உதவிப் பேராசிரியர், நமக்கேன் வம்பு என்று, எல்லாக் காகிதத்தையும் தானே தயார் செய்து கொண்டுவரும் அந்த ஒருவரிடம்தான் கடைசியில் போய்ச் சேர்கிறார்.

சட்டம் விற்பவரைக் காப்பாற்றவில்லையா என்று கேட்கலாம். காப்பாற்றுகிறது, ஏட்டில். குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006-ன்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்தில் என்ன ஒப்பந்தம் இருந்தாலும், 45 நாளுக்குள் தந்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. வாங்குபவர் பல்கலைக்கழகம் என்பதால் விலக்கு இல்லை. புகார் கொடுக்க 2017-ல் 'சமாதான்' இணையதளமும் வந்தது. ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் இல்லை என்பது எங்கள் பட்டறைக்காரருக்குத் தெரியும். நைனியப்ப நாயக்கன் தெருவில் வாங்கி விற்கும் வியாபாரிக்கோ இந்த 45 நாள் பாதுகாப்பே இல்லை. குறு, சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு அவருக்கு வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான். ஆய்வகத்துக்கு வேண்டிய ரசாயனத்திலும் கண்ணாடியிலும் பெரும்பகுதி அவர் போன்றவர்களிடமிருந்துதான் வருகிறது.

இந்தச் சட்டத்தை ஒரு பல்கலைக்கழகம் மீறினால் அது எந்தச் சுற்றறிக்கையிலும் வருவதில்லை. துறை ஒரு விலைப்புள்ளி குறைவாக வாங்கினால் அது விதிமீறல். நிதிப் பிரிவு பத்து மாதம் பில்லை வைத்திருந்தால் அது வழக்கம். இந்த ஓரவஞ்சனை எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது.

நிதிப் பிரிவையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. பணம் அவர்கள் கையில் இருக்க வேண்டுமே. 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை முடக்கியது. நிலுவை என்று கேட்கப்பட்டது 424 கோடி ரூபாய். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமே தாமதமானது. சம்பளம் போடத் தடுமாறும் நிறுவனத்தில் கண்ணாடிக் குடுவைக்கான பில் எந்த வரிசையில் நிற்கும்? ஆராய்ச்சித் திட்டப் பணமும் தாமதமாகத்தான் வருகிறது, மார்ச் 31-க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். டிசம்பரில் வந்த பணத்தை மார்ச்சுக்குள் முறைப்படி செலவழிக்க முடியாது, செலவழிக்காவிட்டால் திரும்பப் போய்விடும். மார்ச் மாதத்தில் கொள்முதல் குவிவதற்கும் விதிகள் நொறுங்குவதற்கும் காரணம் பேராசிரியரின் அறியாமை என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

எதிர்த்தரப்பின் வலுவான கேள்விக்கு வருகிறேன். கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் கொள்ளை கூடாதா? அரசுப் பணம், மாணவர் கட்டிய கட்டணம். யார் கையில் கொடுப்பது என்ற கவலை நியாயமானது. ஆனால் அந்தக் கவலைக்கு விடை ஊகத்தில் தேட வேண்டியதில்லை. இத்தாலியில் அரசு அமைப்புகள் ஒரே மாதிரிப் பொருள்களை என்ன விலைக்கு வாங்குகின்றன என்று ஓரியானா பந்தியேரா, ஆந்திரியா பிராட், தோமாசோ வல்லெட்டி ஆகிய மூவர் ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். விரயத்தில் 83 சதவீதம் யாரும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதல்ல. மெத்தனத்தாலும் நடைமுறைச் சுமையாலும் வந்தது. இறுக்கமான விதிகளுக்குள் இருக்கும் மத்திய அமைச்சகங்கள், பல்கலைக்கழகங்களும் சுகாதார அமைப்புகளும் அடங்கிய ஓரளவு தன்னாட்சி பெற்ற அமைப்புகளைவிட 22 சதவீதமாவது அதிக விலை கொடுத்தன.

நமக்கு இன்னும் நெருக்கமானது பாகிஸ்தானின் பஞ்சாப். அங்கே 26 மாவட்டங்களில் சுமார் 600 கொள்முதல் அலுவலர்களை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. முடிவுகள் 2021-ல் வெளியாயின. ஒரு பகுதியினருக்கு, கணக்கு அலுவலகத்தின் முன் அனுமதிக்குக் காத்திராமல் வாங்கும் அதிகாரம் கூடுதலாகத் தரப்பட்டது. அவர்கள் வாங்கிய பொருள்களின் விலை 9 சதவீதம் குறைந்தது, தரம் குறையவில்லை. எங்கே குறைவு மிக அதிகம் தெரியுமா? ஒப்புதலை நிதியாண்டின் கடைசிவரை இழுத்தடிக்கும் கணக்கு அதிகாரிகள் இருந்த இடங்களில். காகிதமும் டோனரும் வாங்கும் அலுவலகங்களில் கண்டது இது. நம் ஊர் அலுவலகம் அந்த ஊர் அலுவலகத்திலிருந்து பெரிதாக வேறுபட்டதல்ல; இரண்டும் ஒரே பிரிட்டிஷ் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தவை.

வெளியூர் உதாரணம் எதற்கு என்று கேட்பவருக்கு, கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஸ்டான்லி மருத்துவமனையின் மருந்துக் கிடங்கைக் காட்டுவேன். அங்கே இருக்கும் மருந்துகள் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கிக் கொடுப்பவை. மருந்துத் தட்டுப்பாடும் கொள்முதல் முறைகேடும் ஊர்ப்பேச்சாக இருந்த காலத்தில், 1994-ல் தொடங்கிய நிறுவனம் அது. அன்று அரசு எடுத்த வழியைக் கவனியுங்கள். மருத்துவர்களுக்குக் கொள்முதல் விதி வகுப்பு எடுக்கவில்லை. எந்த மருந்துகள் தேவை என்று ஒரே பட்டியல் போட்டது. விலையை ஒரே இடத்தில் ஒப்பந்தப்புள்ளி மூலம் முடிவு செய்தது. மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புத்தகம் கொடுத்து, உன் ஒதுக்கீடு இவ்வளவு, வேண்டியதை எடுத்துக்கொள், எடுத்ததைப் பதிந்துகொள் என்றது. மருந்தின் மாதிரிகள், தயாரித்தவர் யார் என்று தெரியாத வகையில் ஆய்வகத்துக்குப் போயின. தரம் சரி என்று வந்ததும் விற்றவருக்கு ஒரே இடத்திலிருந்து பணம். விதியைப் பின்பற்றுவதுதான் மருத்துவருக்குச் சுலபமான வழியாக ஆனது. விதியை மீற அவருக்குக் காரணமே இல்லாமல் போயிற்று. கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. பிற்காலத்தில் இந்தக் கழகத்தின் டெண்டர்கள் மீதும் புகார்கள் எழுந்ததுண்டு, அவற்றை விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவர் கொட்டேஷனுக்கு அலையும் காலம் அத்தோடு ஒழிந்தது. இதைச் செய்ததும் இதே தமிழ்நாடுதான். இதே ஒப்பந்தப்புள்ளிச் சட்டத்துக்குள்தான் அது நடக்கிறது.

ஆய்வகங்கள் மருந்தகங்கள் அல்ல, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொருள் வேண்டும் என்பது சரியே. ஆனால் எத்தனாலும் கையுறையும் பிப்பெட் முனையும் வடிதாளும் எல்லா ஆய்வகத்துக்கும் பொது. இவற்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறை விலை ஒப்பந்தம் போட்டுவிட்டால், துண்டு போட்டு வாங்கும் குற்றச்சாட்டில் பெரும்பகுதி தானாக மறையும். தனித்தன்மை உள்ள கருவிக்கு அதைப் பயன்படுத்துகிறவரின் தீர்ப்பை நம்பத்தான் வேண்டும். மத்திய அரசே இதை ஒப்புக்கொண்டுவிட்டது. 2025 ஜூனில் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான வரம்புகளை உயர்த்தியபோது, விலைப்புள்ளி இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பை ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக்கியது. கொள்முதல் குழு மூலம் வாங்கும் வரம்பை 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாக்கியது. அரசின் மின்சந்தையில் கிடைக்காத அறிவியல் கருவிகளை வெளியே வாங்கும் முடிவை நிறுவனத் தலைவர்களிடமே விட்டது. விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகக் கத்தியதன் விளைவு இது. மத்திய நிதி விதிகளின் கீழ் வரும் நிறுவனங்களுக்கு இந்த மூச்சு கிடைத்திருக்கிறது. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு ஏன் கூடாது?

வரம்பை உயர்த்துவது மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. பில் தேங்கும்வரை, இரண்டு லட்சத்துக்கு நேரடியாக வாங்கும் அதிகாரமும் அந்த மேசை தெரிந்த ஆளுக்குத்தான் போய்ச் சேரும். கண்காணிப்பு வேண்டும், அது முன்னால் நின்று வழிமறிப்பதாக இல்லாமல், பின்னால் வந்து துருவுவதாக இருக்க வேண்டும். சில கோப்புகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அந்த மூன்று லெட்டர்ஹெட் முகவரிகளுக்கும் ஓர் ஆளை அனுப்பிப் பாருங்கள். அதே பொருள் மண்ணடியில் என்ன விலை என்று கேட்டு வாருங்கள். எத்தனை கையெழுத்தும் செய்யாததை அந்த ஒரு நடை செய்யும். அகப்பட்டவரைத் தயங்காமல் தண்டியுங்கள். அதில் எனக்கு இரக்கம் கிடையாது.

அடுத்த சுற்றறிக்கையை எழுதும் முன் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பதிவாளரும் ஒரு பட்டியலைத் தயார் செய்யட்டும். இன்று கையில் இருக்கும் செலுத்தப்படாத பில்கள், ஒவ்வொன்றும் பொருள் வந்து சேர்ந்த தேதி, இப்போது எந்த மேசையில் இருக்கிறது, அங்கே எத்தனை நாளாக இருக்கிறது, 45 நாள் தாண்டியவற்றுக்குச் சட்டப்படி சேர்ந்திருக்கும் வட்டி எவ்வளவு. விற்பவரின் பெயர் வேண்டாம், பில் எண் போதும். அதை ஆட்சிக்குழுவின் முன் வைக்கட்டும். பல்கலைக்கழக இணையதளத்தில் மாதா மாதம் போடட்டும். கல்மண்டபத்தில் பட்டறைக்காரர் தன் கைபேசியில் அதைத் திறந்து, தன் பில் எங்கே நிற்கிறது என்று பார்க்க முடிந்தால், அடுத்த ஒப்பந்தப்புள்ளிக்கு அவரிடம் விலை கேட்டு நானே காகிதம் எழுதிக் கொடுக்கிறேன்.